புதிய ஆளுக்குத்தான் பணம்

திருமங்கலம் ரோட்டில் இருக்கும் ஒரு சட்டை கம்பெனியில் நான் காலர் தைப்பவள். தைத்தவள் என்று எழுத வேண்டும், மனசு வரவில்லை.

குறைந்தபட்சக் கூலியை அரசாங்கம் ஏற்றியபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆரப்பாளையத்தில் கம்பெனி வேனுக்கு நிற்கும்போதே ஆளாளுக்குப் புதுச் சம்பளத்தைச் செலவழித்துவிட்டோம். கூலி ஏறியதென்னவோ உண்மை. அந்த மாதமே வேனுக்கும் டீக்கும் பிடித்தம் ஆரம்பமாயிற்று. எங்கள் முதலாளி சட்டத்தை மீற மாட்டார், மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஆனாலும் அது என் கூலி. குறைந்தால் ஏன் என்று கேட்க எனக்கு வாய் இருந்தது.

பிறகு இன்னொரு திட்டம் வந்தது. புதிதாக ஆள் எடுத்தால், அந்த ஆளின் கூலியில் ஒரு பங்கைக் கொஞ்ச காலத்துக்கு அரசாங்கமே முதலாளிக்குக் கொடுக்குமாம். மேனேஜர் ஒவ்வொரு மிஷினாக வந்து குழைந்தார்.

"யக்கா, வெளிய எதுக்கு ஆள் தேடணும்? வீட்டுல மக, தங்கச்சி யாராச்சும் இருந்தா கூட்டியாங்க. நம்ம பிள்ளைக பொழச்சுட்டுப் போகட்டும்."

என் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிக்க ஆசை, கையில் காசில்லை. ஒரு வருஷம் இரண்டு சம்பளம் வந்தால் சேர்த்துவிடலாம் என்று நானே அவளைக் கூட்டிப்போனேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

புதிதாக ஒருத்தி உட்காரும் அன்று மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கூட்டிவந்தவளே முதல் தையலைப் போட்டுக்கொடுப்பது எங்கள் வழக்கம். நான் போட்டுக்கொடுத்தேன். என்னைக் கைராசிக்காரி என்றார்கள். காலர் முனை பிசகாமல் திருப்பக் கற்றுக்கொடுத்தேன். சீக்கிரமே பிடித்துக்கொண்டாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாங்கள் கூட்டிவந்த பிள்ளைகளுக்குக் கை பழகியதும் எங்களைக் கூப்பிட்டார்கள். பழைய ஆளை நிறுத்தக் கூடாது என்று விதியாம். அதனால் நாங்களாகவே நின்றுகொள்வதாக எழுதி வாங்கினார்கள். எங்கள் கூலி முழுவதும் முதலாளி பையிலிருந்து போகிறதே! எங்கள் இடத்துக்கு இன்னும் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். தலைக்கணக்கு குறையவில்லை, அரசாங்கத்துக்கும் திருப்தி.

"எதுக்குக்கா மொகத்தத் தூக்குறீங்க? ஒங்க மக உள்ளதான இருக்கு. சம்பளம் ஒங்க வீட்டுக்குத்தான வருது" என்றார் மேனேஜர்.

"அப்ப எனக்கும் சேத்து அவளே சாப்புட்டுக்கிருவாளா சார்?"

சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்திருப்பார்.

ஏறியிறங்கிய மற்ற கம்பெனிகளிலும் புதுப் பிள்ளைகளைத்தான் கேட்டார்கள். வீட்டு வாடகைக்கு மகளின் சம்பளம்தான் நின்றது. நர்சிங் சேர்க்கை முடிந்துபோனது. மறுநாள் காலையில் அவள் தலை சீவாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் நின்டுக்கிறேம்மா. ஒன்னையத் திரும்பக் கூப்புடுவாங்கள்ல?"

எனக்குக் கோபம் பொங்கியது. முதலாளியையும் அரசாங்கத்தையும் திட்ட வேண்டிய வாயால் அவளைத் திட்டினேன்.

"நீ நின்டா ஒன் எடத்துல இன்னொருத்தி மக வந்து உக்காருவா. எந்திரிடி, வேன் வந்துரும்."

எழுந்து தலை சீவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.