வெங்காயம் வதங்கும் நேரத்தில் பழனிசாமி

வெங்காயம் பாதி வதங்கும்போதுதான் பழனிசாமி எச்.ஐ.வி. பற்றிப் பேச ஆரம்பிப்பார். அதற்கு முன்னால் பேசினால் பையன்கள் ஆளுக்கொரு அறைக்குள் நழுவிவிடுகிறார்களாம். கோழி வெந்த பிறகு பேசினால் காதில் விழாதாம். "இந்த வாசம் வர்றப்ப ஒருத்தரும் எந்திரிச்சுப் போக மாட்டாங்க" என்கிறார், கரண்டியால் சட்டியின் ஓரத்தைச் சுரண்டியபடி.

மெல்பனின் மேற்குக் கோடியில் இருக்கிற ட்ருகனினாவில், மாணவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடுகள் நிறைய. வாரநாள்களில் பழனிசாமி அங்கே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஞாயிறு மதியம், ஒரு சுகாதார அமைப்பின் தன்னார்வலராக, புதிதாக வந்த தமிழ் மாணவர்களின் வீடு ஒன்றுக்குச் சட்டியோடு போய்விடுவார். முப்பத்துமூன்று வயது. காங்கேயத்துக்காரர் என்பதால் தன்னைவிட இளையவர்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அமைப்பு கொடுத்த வண்ணத் துண்டுப்பிரசுரங்களை யாரும் பிரித்து நான் பார்த்ததில்லை. சூடான சட்டியை அவற்றின்மேல்தான் இறக்கி வைக்கிறார்.

சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது, வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் என்ன பேசுவது, ஆணுறையின் காலாவதித் தேதி எங்கே அச்சிட்டிருக்கும், பிடிக்காத ஒன்றை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, எல்லாம் ஒரே குரலில் வரும். குப்பைக்கும் ஆணுறைக்கும் நடுவே மூச்சுகூட விடமாட்டார். அதனால் யாருக்கும் வெட்கப்பட அவகாசம் கிடைப்பதில்லை. இரத்தப் பரிசோதனைக்குப் போனாலே விசாவைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எல்லா வீட்டிலும் ஒருவராவது நம்புகிறார். "டாக்டர்கிட்டச் சொல்றது டாக்டரோட நிக்குமுங்க" என்பது அதற்கு அவருடைய பதில்.

கடந்த மார்ச்சில் ஒரு ஞாயிறு, நானும் குறிப்பேட்டோடு கூடப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்து மாணவர்கள் ஐந்து பேர் இருந்த வீடு. எல்லாரும் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். தொற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய் மாத்திரையைத் தொடங்க வேண்டும், கிருமி உடம்பில் குடியேறாமல் தடுக்கலாம் என்று பழனிசாமி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

சுபாங்கன் என்ற மாணவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், தெரிந்த தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார்: "எங்கட ஊரிலையும் ஒராளுக்கு இருந்தது. அவருக்குச் சாப்பாட்டுக் கோப்பை, தேத்தண்ணிக் கப் எல்லாம் புறம்பாத்தான் வைச்சிருந்தவை."

பழனிசாமி கரண்டியை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். "இந்தக் கோழியைக் கழுவி வெட்டுனது நானுங்க. எனக்கு அது ஆறு வருசமா இருக்குது. உப்பு சரியா இருக்குதா?"

எனக்கும் அது அதுவரை தெரியாது. இங்கே கணக்கியல் படிக்க வந்த இரண்டாம் ஆண்டில் கண்டுபிடித்தார்களாம். நாடு கடத்திவிடுவார்கள் என்று பயந்து இரண்டு மாதம் மருத்துவர் பக்கமே போகவில்லை. கூட இருந்தவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று காரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். இப்போது தினம் ஒரு மாத்திரை. "ரத்தத்துல தேடுனாலும் கெடைக்காத அளவுக்குக் கொறைஞ்சு போச்சுங்க. எங்கிட்ட இல்லாத சாமானை நான் யாருக்குங்க குடுக்கிறது?"

அவர் சிரித்தார். சுபாங்கன் முகம் சிவந்து, குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் மூலையில் இருந்த ஆரூரன் என்ற மாணவர் பாதிச் சோற்றோடு தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பழனிசாமி பார்த்தார். பிறகு சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தவர், அது பளபளத்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கிளம்பியபோது மணி இரண்டு. கார் அருகே ஆரூரன் நின்றார்.

"அண்ணை, அந்த எழுபத்திரண்டு மணித்தியாலம் எப்ப இருந்து எண்ணுறது?"

நடந்த நேரத்திலிருந்து என்றார் பழனிசாமி. ஆரூரன் தரையைப் பார்த்துக்கொண்டு, வியாழக்கிழமை இரவு எட்டு மணி என்றார். என்ன நடந்தது, யாரோடு என்று பழனிசாமி கேட்கவில்லை. விரல் விட்டு எண்ணினார்.

"இன்னும் ஆறு மணி நேரம் இருக்குதுங்க. ஆனா நின்னு பேச நேரமில்ல. ஏறுங்க."

நான் பின்னிருக்கைக்கு மாறினேன். இரண்டு சிக்னல்கள் தாண்டிய பிறகு ஆரூரன் பேசினார். "சாப்பாட்டை வைச்சிட்டு எழும்பினதை, உங்களிலை அருவருப்பு எண்டு நினைச்சிடாதேங்கோ. உங்களைத் தனியப் பிடிக்கத்தான் வெளியிலை வந்து நிண்டனான். மூண்டு நாளா எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சிருந்தனான்." பழனிசாமி காரின் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சீட் பெல்ட் போடுங்க" என்றார்.

அவசர சிகிச்சைப் பிரிவின் முகப்பில் ஆரூரன் தன் மாணவர் அட்டையை மட்டும் எடுத்து நீட்டினார். பழனிசாமி தாதியிடம் தாழ்ந்த குரலில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு எட்டப் போய் உட்கார்ந்துகொண்டார். மாலைக்குள் முதல் மாத்திரை உள்ளே போய்விட்டது. இருபத்தெட்டு நாள் விடாமல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் பழனிசாமி ஒரு எண்ணை மட்டும் செய்தியாக அனுப்புவார்: 1, 2, 3. ஆரூரனிடமிருந்து 'ஓம்' என்று பதில் வரும். ஒன்பதாம் நாள் பதில் வராததால் வேலைக்கு இடையில் நாலு முறை கூப்பிட்டுவிட்டார். ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம், இந்தக் கட்டுரைக்காகச் சில விவரங்களைக் கேட்கப் பழனிசாமியின் கிடங்குக்குப் போயிருந்தேன். தன் பெயரை மறைக்க வேண்டாம் என்றார். ஆரூரன் தன் கதையை எழுதச் சம்மதித்திருந்தார், வேறு பெயரில். பேசிக்கொண்டிருந்தபோதே ஆரூரன் பழனிசாமியைத் தொலைபேசியில் அழைத்தார். கடைசிப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. தொற்று இல்லை.

பழனிசாமி "செரிங்க, செரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அழைப்பை முடித்தார். இடைவேளை முடிந்திருந்தது. ஃபோர்க்லிஃப்டில் ஏறி, இருபுறமும் கூரை வரை பெட்டிகள் அடுக்கிய நடைபாதைக்குள் திருப்பினார். எதிரே ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. கடைசிவரை ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்.