வெள்ளிக்கிழமைப் பொட்டும் சனிக்கிழமைப் பிரேக்கும்

“ரத்தம் டெஸ்ட் பண்ணத்தானே படிச்சே? பிரேக்கை எதுக்குப் பிரிக்கிறே? திரும்ப மாட்டத் தெரியாம எங்கிட்டதான் வந்து நிப்பே, பாரு.”

சொன்னவர் சித்தப்பா. ஆட்டோ ஓட்டுகிறவர், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறார். அப்பாவின் பழைய மொபெட்டை வாசலில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தென்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊரார் உடம்பில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கிறவளுக்கு வீட்டு வண்டி எம்மாத்திரம் என்ற திமிர் உண்டு. இருக்கட்டுமே.

முதல் கோளாறு சுலபம். சக்கரத்துக்குள் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூ இருக்கும். அவை விரிந்து உரசினால்தான் வண்டி நிற்கும். தேய்ந்திருந்தன, புதிது மாட்டினேன். அதோடு விட்டேனா? அவற்றை மூடியிருக்கும் தட்டில் பல வருட அழுக்கு. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். சித்தப்பா அதைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளட்டும் என்றுதான்.

வெள்ளிக்கிழமை வரை பிரேக் கச்சிதம். சனிக்கிழமை காலை காவிரிப் பாலத்து இறக்கத்தில் அழுத்தினால் வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினேன். ஒரு செருப்பு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். கையில் பிசுக்கு ஒட்டியது. கிரீஸாக இருக்கும் என்று துடைத்துத் தேய்த்து மாட்டினேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி அதே கதை. ஷூ போலி என்று உதிரிபாகக் கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு வாங்கினேன். மூன்றாவது சனிக்கிழமையும் வழுக்கியது.

“சனிக்கிழமை இரும்புக்கு ஆகாதும்மா” என்றார் அப்பா. “இன்னும் ஒரு சனிக்கிழமை பாப்பேன். நிக்கலைன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக் கடைக்குப் போட்டுடுவேன். நீ பஸ்ல போ.”

வண்டி போனால் இரண்டு பஸ் மாறவேண்டும். அதுகூடப் பரவாயில்லை. சித்தப்பா தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷூவை மூக்கருகே கொண்டுபோனேன். எங்கள் லேபில் எதையும் முகர்ந்து பார்க்கக் கூடாது. வாசலில் கேட்க யார்? இட்லிப் பொடி வாசனை. நல்லெண்ணெய்!

கழுவித் தேய்த்து மாட்டிவிட்டு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அன்று மாலை சீக்கிரமே வந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். விளக்கேற்றிவிட்டு அம்மா வெளியே வந்தாள், ஒரு கையில் குங்குமம், மறு கையில் எண்ணெய்க் கிண்ணம். வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குப் பொட்டு வைப்பாள். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது என் கண்ணில் பட்டதே இல்லை. பிரேக் தட்டின் நடுவில், கம்பி உள்ளே போகிற இடமாகப் பார்த்து எண்ணெயைத் தடவினாள்.

“அம்மா! அது எத்தனை சொட்டு?”

“ஒரு சொட்டுதான்டி.” கிண்ணத்தைப் பின்னால் மறைத்தாள். “முன்னெல்லாம் அழுக்குல குங்குமம் பாட்டுக்கு ஒட்டிக்கிட்டு நிக்கும். நீதான் தேச்சுத் தேச்சுக் கண்ணாடி ஆக்கிட்டே. எண்ணெய் தடவாம எப்படி நிக்கும்?”

ஆக, மூன்று வாரமாக என்னைச் சறுக்கவிட்டது என் பளபளப்புதான். கடைக்காரர் முகம் நினைவுக்கு வந்தது.

“சக்கரத்துக்கு வைக்காம வண்டி ஓடுமா?” என்றாள் அம்மா.

“நல்லா ஓடும்மா. நிக்கத்தான் மாட்டேங்குது.”

பேரம் பேசினோம். கடைசியில் சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் தண்ணீரில் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம் என்று முடிவாயிற்று. உள்ளே இறங்கியிருந்த எண்ணெயை அன்றைக்கே பிரித்துக் கழுவினேன். தெருவில் நாலு தடவை ஓட்டி அழுத்தியும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் கிளம்பும்போது சித்தப்பா வந்து பின்னால் உட்கார்ந்தார். “ஆட்டோல பிரேக் சரியில்லை, வீட்லயே கிடக்கு. சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல இறக்கி விடு. நீ விழுந்தா அள்ளிட்டு வரவும் ஆள் வேணும்ல?”

பாலத்து இறக்கத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. அழுத்தினேன். வண்டி பஸ்ஸுக்கு ஒரு முழம் இந்தப்பக்கம் நின்றது. சித்தப்பாவின் மூக்கு என் ஹெல்மெட்டில் இடித்தது.

“நின்னுடுச்சு” என்றார், புகார் சொல்கிற குரலில்.

“மூக்கு நல்லா இருக்கா, சித்தப்பா?”

மூக்கைத் தடவிக்கொண்டே சத்திரத்தில் இறங்கிக்கொண்டார். திங்கட்கிழமை அப்பா இரும்புக் கடைப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தி, “சும்மா நிக்கட்டும்” என்றார். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி உள்ளே முகர்ந்தும் பார்த்துவிட்டேன். இது விளக்கெண்ணெய். சித்திக்குப் போன் செய்து, கிண்ணத்தையும் கையோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.