எட்டு ஜிபியும் இருபது ஜிபியும்

டிஸ்க்கைப் பாகம் பிரித்துக் கொடுக்கிற தொழில், அண்ணன் தம்பிக்குச் சொத்துப் பிரிப்பது மாதிரி: பிரித்தவனைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். லினக்ஸ் போட்டுக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவிகளே, இது உங்களுக்கு. இரண்டாயிரம் வாக்கில் பெங்களூரில் ஸ்கூட்டரில் பறந்துகொண்டிருந்தேன். நீலசந்திராவில் வீடு, ஊர் பூரா கஸ்டமர். ஒரு இடத்தில் வேலை முடியுமுன்னே அடுத்த இடத்துக்குக் கால் பரபரக்கும். ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் மட்டும் என்னை விடுவதாக இல்லை.

மிச்சம் எங்கே?

அங்கே பொறுப்பாளர் நஞ்சப்பா. அவருடைய எட்டு ஜிபி டிஸ்க்கில் பாதியை விண்டோஸுக்கு விட்டு, மறுபாதியில் ஆராய்ச்சி மாணவி கௌரி மேடத்துக்காக லினக்ஸ் போட்டேன். மறுநாளே போன், உடனே வரச்சொல்லி. விண்டோஸில் நாலு ஜிபிதான் தெரிகிறதாம். லினக்ஸ் இருக்கும் பங்கு விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாது சார் என்று பேப்பரில் படம் போட்டு, தொண்டை வறள விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் பேடா, வேண்டாம் சார். ஃபர்ஸ்ட் உங்க பேகைத் திறந்து காட்டுங்க."

இடமிருந்தும் இல்லை

அடுத்து மேடம். வேலூர்க்காரர். நாலு வருஷமாக ஏரி ஏரியாகப் போய் எடுத்த கணக்கெல்லாம் அந்த டிஸ்க்கில்தான். ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டே வாரம். சேமிக்கப் போனால் இடமில்லை என்கிறது மெஷின். ஃபிளாப்பியில் எடுத்துவைத்த நகல்களோ பாதிக்கு மேல் படிக்க வரவில்லை. பார்த்தால், லினக்ஸ் பங்குக்குள்ளே சிஸ்டத்துக்குத் தாராளமாகவும் மேடத்துக்குக் கஞ்சத்தனமாகவும் பிரித்து வைத்திருக்கிறேன். அசட்டுச் சிரிப்பு சிரித்து, புதிதாக இருபது ஜிபி டிஸ்க் ஒன்றை மாட்டினேன். மறுநாள் ஆயுத பூஜை, மெஷினைத் தொடக்கூடாது என்று நஞ்சப்பா விரட்டினார். பூஜை முடிந்து வந்து பிரித்துத் தருகிறேன் என்றேன். மேடம் முறைத்தார்.

"பக்கத்து ரூம் காலியா கிடக்கு, நான் மட்டும் வாசப்படியில குந்தணுமா பாஸ்கர்?"

பொட்டு வைத்த டிஸ்க்

பூஜை முடிந்து போனேன். கம்ப்யூட்டருக்கு மாலை, மேலே எலுமிச்சம்பழம். எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேறு வேலை காத்திருந்தது, நிற்க நேரமில்லை. ஃபிளாப்பியில் பூட் பண்ணி, புது டிஸ்க்கின் பெயரை அடித்து, புது டிஸ்க்கில் ஏது பழைய பிரிவுகள் என்றுகூட யோசிக்காமல், பழையதை அழி, புதிதாக எழுது என்று மடமடவென்று தட்டி, கடைசியில் 'டபிள்யூ' அடித்தேன். அதுவரை செய்ததெல்லாம் வெறும் பேச்சு. 'டபிள்யூ' அடித்தால்தான் டிஸ்க்கில் ஏறும். ஏறிவிட்டது. பின்னால் நின்ற மேடம் கேட்டார், "புதுசு இருபதுனு சொன்னீங்களே, இது எட்டுனு காட்டுதே?"

கேபினெட்டைத் திறந்தேன். இரண்டு டிஸ்க்குக்கும் குங்குமப் பொட்டு. பூஜைக்காக நஞ்சப்பா கேபிள்களைக் கழற்றி, துடைத்து, மாற்றிச் சொருகியிருந்தார். எந்தக் கேபிளில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் மெஷின் டிஸ்க்குக்குப் பெயர் கொடுக்கும், அதனால் பழையது புதியதன் பெயரில் நின்றது. "சுத்தம் பண்ணேன், அது தப்பா?" என்றார் அவர். தப்பு அவருடையது இல்லை. அடிக்குமுன் ஒரு தடவை பட்டியலைப் பார்க்காத என் அவசரத்தைச் செருப்பால் அடிக்கணும். அழிந்தது எல்லைக்கோடுகள் மட்டும்தான், கணக்கு உள்ளேயே இருக்கும். ஆனால் கோடு எங்கே இருந்தது என்று நான் எழுதி வைக்கவில்லை. ஒரு எண்ணை ஊகித்துக் கோடு போடுவேன், திறக்காது. அழிப்பேன், எழுந்து நடப்பேன், மறுபடி உட்காருவேன். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பேஜர் அலறியது. பிடுங்கிப் பைக்குள் எறிந்தேன். மேடம் பக்கத்து மெஷினில் அந்தப் பழைய ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாக மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது திட்டுவதைவிட மோசம்.

பதினோராவது தடவை திறந்தது. ஏரிகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கணக்கு முழுக்கப் பக்கத்து மெஷினுக்கு நகலெடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"சேத்துல இறங்கித் தண்ணி மொண்டது நானு. நாலு வருஷம். நீங்க ஒரு எழுத்துல முடிச்சிருப்பீங்க, பாஸ்கர்."

இன்றைக்கும் 'டபிள்யூ'மேல் விரலை வைத்துக்கொண்டு, பின்னால் யாராவது நின்று கேள்வி கேட்க மாட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன். வெளியே எனக்கு எக்ஸ்பர்ட் என்று பெயர்.