தோட்டக்காரர் கையெழுத்து வேண்டிய படிப்பு

கோயமுத்தூரில் மோர் விற்க வருகிறவள்கூடக் கலயத்தை இறக்கி வைப்பதற்கு முன், "ஏனுங்க, நீங்க என்ன கூட்டமுங்க?" என்று கேட்கிறாள். கூட்டம் என்றால் குலம். இந்தப் பக்கத்துக் கவுண்டர்மாருக்குள் எத்தனையோ கூட்டம் உண்டு. ஒரே கூட்டத்தார் எல்லாரும் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. மற்றக் கூட்டத்தாரோடுதான் கொள்வினை கொடுப்பினை. ஒரு செம்பு மோருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. சிறு வயது முதல் ஆள் முகம் பார்த்துக் கதைக்கக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு நாலு பேர் நடுவில் நான் வாய் திறந்ததே இல்லை. இப்போது அறுபத்திரண்டு வயதில், கடல் கடந்து வந்து, வாயில் வராததைப் பேனாவால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்திக்கொள்ளட்டும்.

எழுத ஒரு காரணம் உண்டு. என் கடைசி மகன் தில்லையம்பலம், நான் தம்பி என்று கூப்பிடுகிறவன், இங்கே விவசாயப் படிப்புப் படிக்கிறான் என்று கேள்விப்பட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து நாலைந்து தாய்மார் கடிதம் போட்டுவிட்டார்கள். என்னென்ன படிப்பு உண்டு, நம் பிள்ளைகளை எடுப்பார்களா, சாப்பாடு எப்படி என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துப் பட்டப் படிப்பு ஒன்று உண்டு. அவ்வளவு காலம் இருக்க முடியாதவர்களுக்குக் குறுகிய வகுப்பும் உண்டு. பட்டம் வாங்கியபின் பருத்தி, கரும்பு, மண், பூச்சி என்று ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்கவும் வழி இருக்கிறது. வெளித்தேசத்துப் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்; பர்மாவிலிருந்து வந்த ஒருவனும் தம்பியோடு படிக்கிறான். இதெல்லாம் விண்ணப்பத்தோடு வரும் சின்னப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதை ஒருவரும் வாசிப்பதில்லை. நாங்களும் வாசிக்கவில்லை.

அந்தச் சின்ன எழுத்து சொல்வது இது. கடைசி வருஷத்தில் ஒவ்வொரு மாணவனும் இந்த ஜில்லாவில் ஒருவருடைய தோட்டத்தில், ஒரு பயிரை விதைப்பிலிருந்து கடைசி அறுவடைவரை கூட நின்று பார்க்க வேண்டும். வாரா வாரம் அந்தத் தோட்டக்காரர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில் ஒன்று குறைந்தாலும் பரீட்சைக்கு உட்கார முடியாது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அப்பன் தோட்டம், அப்பன் கையெழுத்து. கடல் தாண்டி வந்தவனுக்கு அப்பன் தோட்டம் எங்கே இருக்கிறது? முதல் வருஷம் விடுதியில் தம்பிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து எலும்பாகிப் போனபடியால், சமைத்துப் போட வந்த நான் இங்கேயே தங்கிவிட்டேன். ஆகவே தோட்டம் தேடவும் அவன் பின்னால் நடந்தேன். கூட ஒரு தாய் நின்றால் மனம் இரங்குவார்கள் என்று அவன் நினைத்தான்.

ஒருவரும் இரங்கவில்லை. முதல் தோட்டக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "எங்க ஊட்டுப் பையனே சும்மா திரியறானுங்க, உங்க பையனுக்கு எங்கீங்க வேலை?" என்றார். இரண்டாமவர், "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க" என்றார். அடுத்த வருஷம் என்று ஒன்று எங்களுக்கு இல்லை என்பது அவருக்கும் தெரியும். மூன்றாமவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சிலோனுங்களா? எங்கூர் ஆளுக தேயிலைத் தோட்டத்துக்குன்னு உங்க நாட்டுக்குப் போனாங்க. போனவங்க திரும்பி வரலீங்க. நீங்க எதுக்குங்க இங்க வந்தீங்க?" மூன்று பேரும் கும்பிட்டுத்தான் வழியனுப்பினார்கள். எங்கள் ஊரில் ஒருவரைப் பிடிக்காவிட்டால் படலைக் கதவடியிலேயே குரலில் தெரிந்துவிடும். இங்கே ஒரு மைல் நடந்து வந்தபிறகுதான், நம்மைத் துரத்தினார்கள் என்று உறைக்கும். இந்த மரியாதையைப் போல நான் வெறுத்தது வேறொன்றும் இல்லை.

ஆனால் நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது மட்டக்களப்பிலிருந்து ஒரு வாத்தியார் பெண்சாதியோடு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தார். அந்தப் பெண் முதல் நாள் என் கிணற்றடிக்குக் குடத்தோடு வந்தாள். நான் அவளிடம் நேரே ஒன்றும் கேட்கவில்லை, எனக்குத்தான் கூச்சமாயிற்றே. மச்சாளை விட்டு, "எந்தப் பகுதி ஆக்கள்?" என்று கேட்கச் சொன்னேன். பதில் திருப்தியாக வரவில்லை. அவள் குடத்துக்கு நானே தண்ணீர் வார்த்தேன், எட்ட நின்று. வருஷக்கணக்காக எட்ட நின்றே வார்த்தேன். மாற்றலாகிப் போன அன்றைக்கு அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அப்போது அதைத் திமிர் என்று சொன்னேன்.

நாலாவதாகப் போனது மருதமலைப் பக்கத்தில் பெரியசாமிக் கவுண்டர் தோட்டத்துக்கு. வாசலில் அவர் மனைவி நாச்சம்மாள் பருத்திக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். என் வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் எழுந்து, முறத்தைத் தள்ளி வைத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நான் நிலத்தைப் பார்த்தேன். "எங்க கூட்டமுங்களா?" என்று அவளே ஒரு பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. தம்பி அப்போது கவுண்டரைத் தேடித் தோட்டத்துக்குள் போயிருந்தான். நான் தலையாட்டினேன். கூச்சத்தில் தலை தானாக ஆடிவிட்டது என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தெரிந்துதான் ஆட்டினேன்.

அந்த ஒரு தலையாட்டலுக்குக் கதவெல்லாம் திறந்தது. தோட்டத்துச் சின்ன வீட்டைச் சாளை என்பார்கள். ஒரு சாளையை ஒழித்துத் தந்தார்கள். தம்பி கம்போடியாப் பருத்தி விதைப்பில் நின்றான். கவுண்டர் நோட்டுப் புத்தகத்தில் முதல் கையெழுத்துப் போட்டபோது, தோட்டக்காரருக்கும் மாணவனுக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதில் 'பங்காளி' என்று பெரிதாக எழுதினார். "அம்மா, இவையள் எங்களைச் சொந்தமாக்கிப் போட்டினம்" என்று தம்பி சிரித்தபடி காட்டினான். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. எங்கள் ஊர்க் கிணற்றில் துலாவில் ஆள் ஏறி நடக்கத் தண்ணீர் மேலே வரும். இங்கே பாதாளம் போன்ற கிணற்றிலிருந்து இரண்டு எருதுகள் தோல் பறியில் தண்ணீர் இழுத்து, பின்னுக்கே நடந்து திரும்பும். அதைக் கவலை என்கிறார்கள். கிணற்றுக்கு மோட்டார் வைக்கப் பைகாரா மின்சாரத்துக்கு எழுதிப் போட்டிருப்பதாகக் கவுண்டர் சொல்வார். தம்பி ஏர் பிடித்த அன்று, "படிச்சவரு ஏரைப் புடிச்சா எருது சிரிக்குதுங்க" என்று சத்தமாகச் சொன்னார். அன்று சாயங்காலமே தன் தலைத்துண்டைக் கிழித்து அவன் கைக் கொப்புளத்துக்குக் கட்டினார். நாச்சம்மாள் என்னை அடுப்படிவரை விட்டாள். "அக்கா, உங்க தமிழு மலையாளமாட்ட இருக்குதுங்க" என்று கேலி செய்வாள். நான் ஒருநாள் "மறந்துபோட்டன்" என்றதும் கைதட்டினாள். "பாத்தீங்களா, நம்மளாட்டவே போட்டன்னு சொல்றாங்க! எத்தன தலைமுறைக்கு முந்திப் போனாலும் ரத்தம் போகுங்களா?" எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. பிடித்தவர்களை ஏமாற்றுவது எவ்வளவு அலுப்பான வேலை என்று அந்த வீட்டில்தான் படித்தேன். அதுவும் ஒரு படிப்பு, புத்தகத்தில் போடவில்லை.

பங்குனியில், பருத்தி இன்னும் இரண்டு எடுப்பு மிச்சமிருக்கையில், நாச்சம்மாள் சாளைக்கு வந்தாள்.

"அக்கா, நம்ம கோயில் நோம்பி சாட்டியாச்சுங்க. இன்னையிலிருந்து பதினஞ்சாம் நாள் பொங்கல். ஊட்டுக்காரரு கோயில் தலைக்கட்டு வரிக் கணக்குல தம்பி பேரையும் எழுதிப்போட்டாருங்க. நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். உங்க ஊட்டு அரிசி ஒரு படி குடுங்க, உங்க பானையும் நானே வெச்சுப்போடறேன்."

உள்ளே போய்ப் படியை எடுத்து அரிசி அளந்தேன். மேலே கையால் வழித்தேன். மனிதருக்கு முன் தலையாட்டியது ஒன்று. அவர்கள் சாமிக்கு முன்னால், பங்காளிகள் மட்டும் வைக்கிற பானையில் என் அரிசி வேகுவது வேறொன்று. அதற்கு வரும் கேடு எனக்கு வந்தால் பரவாயில்லை. பானை வைக்கிறவள் அவள். இரண்டு எடுப்பு, பதினைந்து நாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தம்பியின் மூன்று வருஷமும் கரை சேர்ந்துவிடும். வாயை மூடிக்கொள்வதில் என்னைப்போல் தேர்ந்தவள் இல்லை. அன்றைக்கென்று வாய் திறந்தது.

"பிள்ளை, நாங்கள் உங்கடை கூட்டம் இல்லை. நான் பொய்க்குத் தலையாட்டிப்போட்டன். இந்த அரிசியை அந்தப் பானையிலை போடாதையுங்கோ."

"வெளையாடாதீங்கக்கா" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "அப்படீங்களா" என்றாள். "ஏனுங்க, எங்க ஊட்டுச் சொம்பு ஒண்ணு இங்க கெடக்குதுங்க. அது இங்கியே இருக்கட்டுங்க. நான் ஆளை உட்டு எடுத்துக்கறனுங்க." அக்கா போய்விட்டது. மரியாதை அப்படியே இருந்தது.

சாயங்காலம் கவுண்டர் வந்தார், உட்காரவில்லை. தம்பி வயலிலிருந்து மண் காலோடு ஓடி வந்தான். விஷயம் என்னவென்று அவனுக்கு அங்கேதான் தெரிந்தது. "ஐயா, அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன்" என்றான்.

"மன்னிப்பு என் கையில இல்லீங்க தம்பி. சாமி கணக்குல பேரைக் குடுத்துப்போட்டேன். இனி நானே போயி, நாலு பேரு சிரிக்க, அந்தப் பேரை அடிச்சுட்டு வரோணும். அந்தப் புஸ்தகத்தைக் குடுங்க." வாங்கினார். கட்டத்தில் எதையோ அடித்தார், எழுதினார், மூடிக் கொடுத்தார். "நடக்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க. பொய்யி உங்களோட நிக்கட்டும். சாளையை நாளைக்கு உட்டுருங்க. ரண்டு எடுப்புக்கும் வாங்க. பருத்தி எடுக்கறவங்களோட வேலிப்பக்கத்து வழியில வாங்க. அவங்களுக்கு என்னவோ, உங்களுக்கும் அதேதானுங்க."

டவுனில் ரோட்டோரம் ஒரு அறை பிடித்தோம். தம்பி விடியுமுன் எழுந்து நடந்து போனான். ஐந்து மாதம் வரப்பில் நோட்டுப் புத்தகத்தோடு நின்ற பிள்ளை, பெண்களோடு மடி கட்டிக்கொண்டு பருத்தி எடுத்தான். ஒதுங்கிக் கஞ்சி குடித்தான். கேட்டால் உயரத்திலிருந்து தண்ணீர் வார்த்தார்கள். எடுக்கிற பெண்கள் விடுவார்களா? "ஏனுங்க சின்னக் கவுண்டரே, உங்க பங்காளி ஊட்டுல இன்னைக்குச் சோறு ஆக்கலீங்களா?" என்று ஒருத்தி தொடங்க, வரிசை முழுவதும் சிரிக்குமாம். இதையெல்லாம் அவன் என்னிடம் சொல்லவில்லை. பர்மாப் பையன் ஒருநாள் பார்க்கப் போய்விட்டு வந்து சொன்னான்.

கடைசி எடுப்பு முடிந்த அன்று, கூலிப் பங்காகக் கொடுத்த பருத்தியைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து மூலையில் போட்டான். நோட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்தான். எல்லாக் கையெழுத்தும் இருந்தன, ஒன்றும் குறையவில்லை. முதல் பக்கத்துக் கட்டத்தில் 'பங்காளி' அடிபட்டிருந்தது. பக்கத்தில் 'கூலியாள்' என்று அதே பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழேயும் ஒரு கையெழுத்து.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பான், பதில் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் கேட்டது வேறு. "பதினைஞ்சு நாள் பேசாமல் இருந்திருக்கக் கூடாதோ அம்மா? வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருந்தனீங்கள்தானே?"

ஆகவே தாய்மாரே, படிப்பு நல்ல படிப்பு. பிள்ளைகளை அனுப்புங்கள். கடைசிப் பக்கத்தை வாசித்து அனுப்புங்கள். துணைக்கு நீங்கள் வராதீர்கள். அவர்கள் இளசுகள், அவமானத்தைக் கழுவிக்கொண்டு பட்டத்தோடு திரும்புவார்கள். நம் வயதில் அது கழுவினாலும் போவதில்லை.

அந்தக் கோயில் பொங்கலன்று காலையில் ரோட்டில் வண்டிகள் போயின. பானையும் விறகும் கரும்புமாகக் கூட்டத்தார் எல்லாரும் தங்கள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தம்பி உள்ளே, ரோட்டுப் பக்கம் திரும்பாமல், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வண்டியில் நாச்சம்மாள் இருந்தாள். என்னைக் கண்டாள், முகத்தைத் திருப்பவில்லை. கையைக் கூப்பி, "வாரனுங்க" என்றாள். வண்டி நிற்கவில்லை. அவர்கள் போகும் சாமியிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது; அங்கே போய் நிற்க எனக்கு முறையில்லை. எனக்கு முறையுள்ள எங்கள் ஊர்ப் பிள்ளையார் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அவருக்கு நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. பதிலுக்குக் கும்பிடத் தூக்கிய கை நெஞ்சுவரை வந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், கடைசி வண்டியின் புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றது.