ஒன்பதாம் சேனல்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். முகம் கழுவி, கடுங்காப்பி குடித்துவிட்டு, 5.10க்குப் பேஸ் கிட்டாரை மடியில் வைத்தேன். முதல் ஏழு நிமிடம் வலது கை மட்டும்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, நான்கு கம்பியிலும். அடுத்து இடது கையின் நான்கு விரல்களுக்குப் பதினைந்து நிமிடம். கம்பி விட்டுக் கம்பி தாவும் பயிற்சி இருபது நிமிடம். மீதி நேரம் அந்த வாரத்துப் பாட்டுகள். தாளம் காட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 132 தட்டில் ஓடியது. 6.10க்கு முடித்து, கம்பிகளைத் துணியால் துடைத்துவிட்டு, டைரியில் எழுதினேன்: "132. சுத்தம்."

அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "சுத்தம்" என்ற சொல்லைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான்கு வருடம், காய்ச்சலில் படுத்த பதினொரு நாள் நீங்கலாக, தினமும் அதே சொல்லை எழுதியிருக்கிறேன். தொடங்கும்போது மெட்ரோனோம் அறுபது. இரண்டிரண்டாக ஏற்றி 132 வரை கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தேதி இருக்கிறது.

வீட்டில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் போடுவதில்லை. என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ஏட்டு. இரவுப் பணி என்றால் விடியற்காலையில் வந்து படுப்பாள், பகல் பணி என்றால் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருப்பாள். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர். எனவே மாடி அறையில் ஒயர் மாட்டாமல் வெறுங்கம்பியில் வாசிப்பேன். குனிந்து காதைக் கிட்டாரின் வளைவில் ஒட்டிவைத்தால் ஒவ்வொரு தட்டும் தெளிவாகக் கேட்கும். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

எட்டரைக்கு வேலைக்குப் போனேன். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. விளக்கு வைத்த மேஜையில் துணியை விரித்து, லென்ஸை வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவேன். குறைந்தால் ரோலைத் திருப்பி அனுப்பிவிடுவேன். தறிக்காரர்களுக்கு என்னைப் பிடிக்காது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை.

10.40க்கு டீ. எங்கள் இசைக்குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருந்தது. அந்தப் புதன்கிழமை வன்னியம்பட்டிக் கோயில் பொங்கலில் நாங்கள் வாசித்த கச்சேரி. போட்டிருந்தவர் கீபோர்டுகாரர். குழுவின் தலைவர் அவர்தான், பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குச் சிநேகிதர். "வன்னியம்பட்டியைக் கலக்கிட்டோம்" என்று எழுதியிருந்தார். இயர்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

மூன்றாவது பாட்டின் இரண்டாவது இடையிசையில் நான் ஓர் ஏற்றம் வைத்திருந்தேன். தடித்த கம்பியில் தொடங்கி மெல்லிய கம்பிவரை எட்டு ஸ்வரம், ஒரே மூச்சில் ஏற வேண்டும். அதைக் கைக்குக் கொண்டுவர நாற்பத்தொரு நாள் பிடித்தது. வீடியோவில் என் விரல்கள் ஏறுகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம், அவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது. சத்தம் மட்டும் ஏறவில்லை. கீழேயே நின்று தும், தும், தும் என்று ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

நான் அதை வாசிக்கவில்லை. யார் வாசித்தது?

ஆறு முறை பார்த்தேன். பேக்கிங் செய்யும் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, ஒங்க மொகத்த நீங்களே அம்புட்டு நேரமா பாக்கிய? கண்ணு பட்டுரப் போவுது." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வெளியே வந்து கீபோர்டுகாரருக்குப் போன் செய்தேன்.

"வீடியோ பாத்தேன் மச்சான்."

"சூப்பர்லா?"

"பேஸ் நான் வாசிச்சது இல்லயே."

"மொபைல் ரெக்கார்டிங்ல பேஸ் எங்க ஒழுங்கா விழும்?"

"விழுது. நல்லாவே விழுது. நான் வாசிச்சதுதான் விழல."

"செத்த வேலையா இருக்கேன் மச்சான், பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டார். முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் வேலையாக இருக்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை ஒரு மணிக்கு விட்டுவிடுவார்கள். டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே 1.35 பஸ்ஸில் ஏறினேன். எங்கள் கச்சேரிகளுக்கெல்லாம் மைக்கும் ஸ்பீக்கரும் போடுகிறவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை, தேரடியிலிருந்து இரண்டாவது சந்து. மதியத் தொழுகை முடித்து வந்து, தொப்பியைக் கழற்றாமலேயே ஒயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, இந்த வெயில்ல?"

"மிக்ஸர் எங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் நானே பார்த்துவிட்டேன். சுவரோரம் மேஜையில், துணி போர்த்தி. துணியை இழுத்தேன். மேடைச் சத்தங்களையெல்லாம் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பலகை அது; மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு சேனல் உண்டு. எது யாருடையது என்று தெரிய, கீழே நீளமாக வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரில் எழுதியிருப்பார்கள். பாட்டு ஒன்று, பாட்டு இரண்டு, டிரம்ஸ், தபேலா என்று வரிசையாகப் போய் ஒன்பதில் நின்றேன்.

"அண்ணாச்சி. சும்மா."

பத்தாவதில், "பேஸ் டிராக்."

எனக்குப் புரிந்துவிட்டது. கீபோர்டுகாரரின் லேப்டாப்பில் ஏற்கெனவே பதிந்து வைத்த பேஸ், பத்தாவது சேனல் வழியாக ஊருக்கெல்லாம் கேட்கும். நான் வாசிப்பது என் காலடியில் இருக்கும் ஆம்பில் எனக்கு மட்டும் கேட்கும். இருந்தாலும் கேட்டேன்.

"சும்மான்னா என்ன?"

"வேலைக்கு வார ஆளுவ கொழம்பிரக் கூடாதுன்னு எழுதினது."

"எத்தன நாளா?"

"பங்குனியிலருந்து."

பங்குனியிலிருந்து ஏழு மேடை. ஒவ்வொன்றும் டைரியில் இருக்கிறது, புறப்பட்ட நேரம், வாசித்த பாட்டுகள், "நன்றாக அமைந்தது" என்ற குறிப்போடு. ஏழு மேடையிலும் வேர்வை வழிய நின்று, சும்மா விரலை ஆட்டியிருக்கிறேன். குழுவில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இறங்கும்போது கை குலுக்கியிருக்கிறார்கள்.

"என்னைய பொம்மையா நிப்பாட்டி வச்சிருக்கிய!"

"கத்தாதீய அண்ணாச்சி, பக்கத்துக் கடையில பால் திரிஞ்சிரும்."

"சொல்லும்வே, யாரு என் சேனல மூடச் சொன்னது? அவனா?"

"மூடுனது நான். ஒங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னது ஒங்க கீபோர்டுகாரரு. ஆளு சங்கடப்படும்னாரு."

"யாருக்குச் சங்கடம்? எனக்கா, அவனுக்கா?"

அவர் ஈயக்கோலை ஓரமாக வைத்தார். மூலையில் கிடந்த பழைய பேஸ் ஒன்றை எடுத்து, ஒயர் மாட்டி, என் கையில் கொடுத்தார். கச்சேரிக்குப் போடும் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்றை ஆன் செய்தார். "வாசிங்க. நீங்க வேகமா ஏறுவீயள்ல, அத வாசிங்க."

கோபத்தில் வாசித்தேன். கோபத்திலும் கை பிசகவில்லை. எட்டு ஸ்வரமும் விழுந்தன. கடைசி ஸ்வரத்தை இடது கையால் அமர்த்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

சத்தம் நிற்கவில்லை.

பாக்ஸின் அடியிலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது. மேஜையில் தட்டில் கிடந்த திருகாணிகள் நடுங்கிக் கிணுகிணுத்தன. பல்வலிக்காரன் தூக்கத்தில் முனகுவது மாதிரி ஓர் இழுவை.

"இது யாரு?" என்றார்.

நான் குனிந்து பாக்ஸைப் பார்த்தேன்.

"இதுவும் நீங்கதான். நீங்க அடிக்காத கம்பி. பெருவெரல கம்பிக்கடியில இருக்க பிக்கப்புல ஊனி வச்சிட்டு அசையாம வாசிக்கிய. நீங்க மேல ஏறிப் போயிட்டா, தடிக்கம்பி ரெண்டையும் அமத்த ஆளில்ல. அது ரெண்டும் கெடந்து மொனங்குது. சின்ன ஆம்ப்ல லேசாத்தான் வரும், டிரம்ஸ் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்காது. நாலு பெரிய பாக்ஸ்ல போட்டா ஊரே மொனங்குது. பாடுற பிள்ளைக்குச் சுருதி புடிபடல."

"நாலு வருசமா தெனம் ஒரு மணி நேரம் வாசிக்கேன்."

"தெரியுது. வேகத்துல ஒரு கொறையும் சொல்ல முடியாது. வீட்ல எதுல கேட்டு வாசிக்கிய?"

"காதுலதான்."

"ஆம்ப் போட மாட்டியளா?"

பழைய பேஸைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"பங்குனியிலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொல்லத்தான் வந்தேன். நீங்க அந்த நோட்ட விரிச்சு வச்சுக்கிட்டு எனக்கு நேரம் சொல்லிக்கிட்டிருந்திய, சவுண்ட் செக் நாலு நிமிசம் லேட்டுன்னு. ஒங்ககிட்ட எவன் வந்து கொற சொல்லுவான்?"

அது உண்மை. நாலு நிமிடம் லேட் என்பதும் உண்மை, எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் என் முகத்துக்கு நேராக ஒரு வாக்கியம் சொல்லப் பயந்து, ஏழு ஊர் ஜனங்களின் முன்னால் என்னை ஏமாற்றலாம் என்று முடிவு செய்தார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நான் துணியைத் திருப்பி அனுப்பும்போது எந்த இடத்தில் எத்தனை இழை குறைகிறது என்று சீட்டில் எழுதித்தான் அனுப்புகிறேன். எனக்கு அந்தச் சீட்டைக்கூடக் கொடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை செட்டியார்பட்டிக் கச்சேரி. என் சேனலத் தொறக்கணும். இல்லேன்னா நான் மேடை ஏற மாட்டேன். அன்னைக்கு மட்டும் இல்ல, எப்பவும்."

அவர் பாக்ஸை அணைத்தார். "வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க. இதே பாக்ஸ்ல வாசிச்சுக் காட்டுங்க. கம்பி வாய மூடுச்சுன்னா தொறக்கேன். மொனங்குச்சுன்னா, நீங்க மேடை ஏறுனாலும் சரி, ஏறாட்டாலும் சரி, தொறக்க மாட்டேன்."

இருபத்திரண்டு வருடம் மேடையில் நின்றவன் பரீட்சை எழுத வேண்டும். சரி என்றேன். கிளம்பும்போது ஒன்பதாவது சேனலின் டேப்பை நகத்தால் பிய்த்து எடுத்தேன்.

"அத ஏன் பிய்க்கிய?"

"என்னையப் பத்தித்தான எழுதியிருக்கு. நானே வச்சுக்கிடுதேன்."

பஸ்ஸில் வரும்போது கீபோர்டுகாரர் மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. டேப்பின் பசை சட்டைப் பைக்குள் ஒட்டிக்கொண்டது.

மனைவி அன்று பகல் பணி. ஆறரைக்கு வந்து, யூனிஃபார்மை மாற்றாமல் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"வன்னியம்பட்டியில எனக்குத்தான பந்தோபஸ்து. பாக்ஸுக்கு ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். தும் தும்முனு நெஞ்சுல வந்து இடிச்சுது. பக்கத்துல நின்ன கான்ஸ்டபிள்ட்ட, எங்க வீட்டுக்காரருன்னு பெருமையாச் சொன்னேனே!"

"அது நான் இல்ல. லேப்டாப்பு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சிரிக்காத."

"சிரிக்கல. திங்கக்கிழம அந்தக் கான்ஸ்டபிள் மொகத்துல எப்பிடி முழிப்பேன்னு நெனச்சேன்." பிறகு, "ஏன் ஆம்ப் போடாம வாசிச்சிய?" என்றாள்.

"நீ தூங்கணும்லா."

"நான் எப்ப அப்பிடிச் சொன்னேன்? ஸ்டேஷன்ல வயர்லெஸ் கத்திக்கிட்டே இருக்கு, பெஞ்சுல சாஞ்சா தூங்கிருவேன். கேட்டியளா என்னைய? ஒரு நாளாவது கேட்டியளா?"

கேட்கவில்லை. டைரியைப் புரட்டிப் பார்த்தாலும் கிடைக்காது என்று தெரியும். நானே நினைத்து நானே விதி போட்டுக்கொண்டேன். அவர்கள் என்னைக் கேட்காமல் சேனலை மூடியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வி வந்தது. வித்தியாசம் இருக்கிறது. நான் யாரையும் மேடையில் ஏற்றிச் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி வந்தது, அதனால் எழுதுகிறேன்.

"கீழ்வீட்டுக்காரரு?" என்றேன்.

"அவர்ட்ட நான் பேசிக்கிடுதேன்" என்று எழுந்து, மாற்றாத யூனிஃபார்மோடு அப்படியே படி இறங்கிப் போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். "காலையில அஞ்சு மணியிலருந்து ஆறு மணி வர. தாராளமா வாசிக்கட்டும்னாரு."

டைரியில் அன்றைய பக்கத்தின் அடியில் டேப்பை ஒட்டினேன். காலையில் எழுதிய "சுத்தம்" அதற்கு மேலே இருந்தது. அடிக்கவில்லை. எழுதியதை அடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. கீழே எழுதினேன்: "கீபோர்டுகாரர் மூன்று முறை கூப்பிட்டார். பேசவில்லை. வியாழனுக்கு ஐந்து நாள்." பேனாவை அழுத்தியதில் அடுத்த பக்கத்திலும் எழுத்து பதிந்திருக்கிறது. இப்போதும் விரலால் தடவினால் தெரியும்.

ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. 4.50க்கு எழுந்தேன். காப்பி போடவில்லை. மெட்ரோனோமைத் திறக்கவில்லை. ஐந்து அடித்ததும் ஒயரை மாட்டி ஆம்பைப் போட்டேன். பிக்கப்பில் ஊன்றியிருந்த பெருவிரலை எடுத்து, தடித்த கம்பியின் மேல் படுக்க வைத்தேன். விரல் அங்கே நிற்க மறுத்தது, பழைய இடத்துக்கே போனது. திரும்பவும் கொண்டுவந்து வைத்தேன். மெல்லிய கம்பியில் ஒரே ஒரு தட்டு. அதை இடது கையால் அமர்த்திவிட்டுக் கேட்டேன். தடித்த கம்பி பேசவில்லை. அதற்கு அடுத்தது முனகிக்கொண்டிருந்தது.