சுலோஜனாவுக்குக் கட்டாத வீடு

என் அக்கா மகள் சுலோஜனா பட்டதாரி. கொக்கட்டிச்சோலையில் எங்கள் தெருவிலிருந்து கம்பஸுக்குப் போன முதல் பெண் அவள்தான். பட்டமளிப்பு விழா முடிந்து அவள் வந்து இறங்கிய அன்று தெருவே வாசலுக்கு வந்தது. அவளுடைய அப்பா, எங்கள் கோணாமலை அத்தான், வந்தவர்களுக்கெல்லாம் சோடா உடைத்துக் கொடுத்தார். மனிசனைப் பிடிக்க முடியவில்லை.

ஆனால் அதற்கு முன்னமே அவளுக்கென்று கட்டிய வீடு கைமாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். பெண் பிறந்தால் தகப்பன் வீடு கட்டியே ஆக வேண்டும். அத்தான் மூத்தவளுக்குக் கட்டி முடித்து, இளையவளுக்கு அத்திவாரம் மட்டும் போட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இளையவள் விதுர்ஷா, ரதீஸைத்தான் முடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அத்தான் சுலோவைக் கூப்பிட்டார்.

“மகள், நீ படிக்கிற புள்ள. பட்டம் முடிஞ்சா உத்தியோகம் வரும். உன்னக் கேட்டு வாறவன் வீட்டயா பாக்கப்போறான்? இதத் தங்கச்சிக்குக் குடுப்பம். மற்றத உனக்குக் கட்டித் தாறன்.”

“குடுங்கப்பா” என்றாள். அத்தான் ஏமாற்றவில்லை. நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பட்டம் வந்தது, உத்தியோகம் வரவில்லை. வெள்ளம் வந்து வேளாண்மையை அழித்தது, சீமெந்து விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அத்திவாரத்தில் புல் முளைத்துக் கிடக்கிறது. சுலோ டியூட்டரியில் படிப்பித்துக்கொண்டு தங்கச்சி வீட்டுப் பின்னறையில் இருந்தாள்.

கம்பஸில் அவளோடு படித்த வினோஜன் அவளைத்தான் முடிப்பேன் என்று சொல்லியிருந்தான். அவனுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் தாயோடு பெண் கேட்டு வந்தான். பலகாரமெல்லாம் சாப்பிட்டு முடித்துத்தான் அந்த மனிசி வாயைத் திறந்தாள்.

“புள்ளயில ஒரு குறையும் இல்ல. பட்டதாரிப் புள்ளய ஆர் வேணாமெண்டு சொல்லுவா? ஆனா என்ட மகன் எங்க வந்து இருக்கிறது? பட்டத்துக்குள்ளயா?”

வினோஜன் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பஸில் அத்தனை வருசம் தேனொழுகப் பேசின வாய்!

குசினி வாசலில் நின்ற விதுர்ஷா அழுதுகொண்டே, “அக்கா, வீட்ட நீ எடு. நாங்க வாடகைக்குப் போறம்” என்றாள்.

“விசரா உனக்கு? புள்ளத்தாச்சி நீ, எங்க போவாய்?” என்றாள் சுலோ.

அவர்கள் போன பிறகு கிணற்றடியில் என் தோளில் விழுந்தாள். “நான் கம்பஸுக்கு எடுபடாம விட்டிருக்கலாம் சின்னம்மா” என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

வினோஜன் வேறொருத்தியை முடித்து, மாபிள் பதித்த அவள் வீட்டில் குடியேறிவிட்டான். பெண் ஏ.எல். பரீட்சையே தாண்டவில்லை. நல்லா இருக்கட்டும். அதற்குப் பிறகு வந்த இரண்டொரு சம்பந்தமும் தட்டிப்போனது. ஒருத்தர் வீடு கேட்டார். மற்றவர், “படிச்ச புள்ள, நம்மட பொடியனுக்கு அடங்காது” என்றார்.

ஆனால் இந்த ஊருக்கு அவளுடைய கை மட்டும் வேண்டும். போன விஜயதசமியன்று விதுர்ஷா தன் மகளுக்கு ஏடு தொடக்க அக்காவைத்தான் இருத்தினாள். “படிச்ச கை, ராசியான கை” என்று அயல் பெண்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிரையாக நின்றார்கள்.

சுலோ தங்கச்சி மகளை மடியில் வைத்து, பிஞ்சு விரலைப் பிடித்து, அரிசியில் ‘அ’ எழுதுவித்தாள். பிள்ளை சிரித்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டு தங்கச்சியிடம் சொன்னாள்:

“இவள நல்லாப் படிப்பி. எவ்வளவு படிச்சாலும், இவள்ட வீட்ட மட்டும் ஆருக்கும் குடுத்திராத.”

கோணாமலை அத்தான் எழும்பி வெளியே போய்விட்டார். சுலோ அடுத்த பிள்ளையை மடியில் தூக்கி வைத்தாள்.