எர்ணாவூர் யார்டு கேட்டில் நான் வாயைத் திறந்தது

2007 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, சேகரைத் தேடி. எல்லையில் கண்ணிவெடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த முன்னாள் ராணுவ வீரர் அவர். வயது முப்பத்து நான்கு. நான் பிசியோதெரபிஸ்ட். செயற்கைக் கால் பொருத்திய பிறகு என்னிடம் நான்கு வாரம் நடைப்பயிற்சிக்கு வந்தவர், திடீரென்று நின்றுவிட்டார். "ஒத்துழைப்பு இல்லை" என்று ஃபைலில் எழுதியது நான்தான். பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு, "மிலிட்டரிக்காரனுக்குத் திமிர் ஜாஸ்தி. ஃபைலை மூடுங்க" என்றார். அந்த எரிச்சலில்தான் கிளம்பினேன்.

காலை 10.20க்குப் பஸ். டிக்கெட் நாலரை ரூபாய். ஒன்பது கிலோமீட்டர்தான், ஆனால் போய்ச் சேர 11.50 ஆனது. திருவொற்றியூர் தாண்டியதும் ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நிற்கின்றன. (தண்ணீர் கொண்டு போங்கள்.) பஸ்ஸின் முதல் படி கிட்டத்தட்ட என் முழங்கால் உயரம். நான் ஏறி முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். எங்கள் பயிற்சி அறைப் படி ஆறு அங்குலம். இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே வழவழ டைல்ஸ். அதில் நடக்க வைத்துவிட்டு, தேறிவிட்டார் என்று எழுதுகிறோம். வெட்கமாக இல்லையா நமக்கு? வீடு எங்கே, எப்படி வருகிறீர்கள், என்ன வேலை என்று ஒருநாள்கூட நான் சேகரிடம் கேட்டதில்லை.

ஃபைலில் இருந்த முகவரியைப் பிடித்துக் குப்பத்துக்குப் போனால், அவர் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "சேகரா? கண்டெய்னர் யார்டு கேட்டாண்ட நின்னுகினு இருப்பாரு. வாச்மேனு. நேரா போ மா."

பத்து நிமிட நடை. கேட்டில் சூப்பர்வைசர் இருந்தார். லாரி சத்தத்தை மீறிக் கத்தினேன்: "சேகர் இருக்காரா? செயற்கைக் கால் வெச்சிருக்காரே, அவர்! ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன்."

"செயற்கைக் காலா? யாருக்கு?"

பத்தடி தள்ளி, காக்கி பேன்ட்டில் விறைப்பாக நின்றிருந்தார் சேகர். என்னைப் பார்த்தார். உடனே தலையைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எதிர் டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"இன்னா மேடம், இப்டி பண்ட்டீங்க? மூணு மாசமா ஒருத்தனுக்கும் தெரியாம நின்னுகினு கீறேன். கால் இல்லாதவன எவன் வாச்மேனா வெச்சிப்பான்?"

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்க கேட்டீங்க? வலிக்குதுன்னு மட்டும் சொன்னேன். 'பழகிடும், நீங்க சோல்ஜர் ஆச்சே'ன்னீங்க."

ஆமாம், சொல்லியிருந்தேன். அதே வார்த்தை. கடைக்குப் பின்னால் அவரை உட்கார வைத்து, செயற்கைக் காலைக் கழற்றச் சொன்னேன். மீதிக் கால் நுழையும் குழி உரசி, ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் உரிந்து சீழ் கோத்திருந்தது. தினமும் பன்னிரண்டு மணி நேரம் அதன் மேல் நின்றிருக்கிறார். துணியால் சுற்றிக்கொண்டு!

அவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சண்டை போட்டேன். "நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவர்..." என்று ஆரம்பித்ததும் சேகர் தடுத்தார். "வுடுங்க மேடம். அதெல்லாம் இங்க பேசாதீங்க." சாயங்காலமே அவர் வேலை போனது.

மறுநாள் ஃபைலைத் திறந்து "ஒத்துழைப்பு இல்லை"யை அடித்து, நடந்ததை என் பெயரோடு எழுதினேன். பெரிய டாக்டர் கத்தினார். நானும் கத்தினேன். புண் ஆற ஆறு வாரம், புதிய குழி செய்ய இன்னும் மூன்று வாரம். இப்போது சேகர் லாரிகளை எடை போடும் ஒரு எடைமேடை ஆபீஸில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறார். கால் விஷயத்தை அவரே முதலில் சொல்லி வாங்கிய வேலை.

என்னைப் போல நோயாளி வீட்டுக்குப் போக நினைக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கு: காலை எட்டு மணிக்குள் பஸ் ஏறுங்கள். சாதாரண உடையில் போங்கள். விசாரிக்கும்போது பெயரை மட்டும் சொல்லுங்கள், வியாதியைச் சொல்லாதீர்கள். வலி என்றால் காலைக் கழற்றித் தோலைப் பாருங்கள். எத்தனை மணி நேரம் நிற்கிறார், எந்தத் தரையில் நடக்கிறார் என்று கேளுங்கள். ராணுவத்தில் இருந்தவர் தாங்கிக்கொள்வார் என்று மட்டும் நினைக்காதீர்கள். தாங்கிக்கொள்வார், அதுதான் ஆபத்து.

சேகர் பயிற்சிக்கு மறுபடி வருகிறார். வேறு தெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்டார். நானே ஏற்பாடு செய்தேன்.